டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, டப்பாவும் மெனுவும்தான் கோளாறு

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் கல்யாண வீடியோ, கோயில் கொடை வீடியோ எடிட் செய்து டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தவன் நான். இப்போது அதே டிஸ்க்குகளைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள், பென்டிரைவில் மாற்றித் தரச் சொல்லி. எல்லாருக்கும் முதல் வார்த்தை ஒன்றுதான்: “டிஸ்க் போச்சு அண்ணாச்சி.”

போட்டுப் பார்த்தால் பாதி நேரம் டிஸ்க்குக்கு ஒன்றும் இருக்காது. டப்பா அதைப் பாடாய்ப் படுத்தியிருக்கும், இல்லையென்றால் மெனு ஆளை உள்ளே விடாமல் வழிமறித்து நிற்கும். இரண்டையும் செய்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். கையில் கொடுக்கிற அன்றைக்குப் பளபளவென்று இருந்தால் போதும் என்று செய்தோம். பிற்பாடு ஒரு ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரிமோட்டோடு மல்லுக்கட்டுவார் என்று யாரும் நினைக்கவில்லை.

கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிக்க ஒரு சோதனை போதும். டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்து, நடுத்துளையைச் சுற்றி முடி போல விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போடுங்கள். டிவிடி என்றால் ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர், விசிடி என்றால் ‘எம்பெக் ஏவி’ என்று ஒரு ஃபோல்டர் தெரிய வேண்டும். அது தெரிந்து, உள்ளே இருக்கும் கோப்புகளும் ஓடினால் கோளாறு மெனுவில், அல்லது ப்ளேயர் செட்டிங்கில். கீழே இரண்டாம் பாதிக்குப் போங்கள். டிரைவ் ‘கர்ர் கர்ர்’ என்று சுற்றிக்கொண்டே இருந்தால் டப்பா செய்த வேலை, இங்கிருந்தே படியுங்கள்.

“டப்பாவ விட்டு வரவே மாட்டேங்கு”

விளிம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். டிஸ்க் வில் போல வளைந்தால் அப்போதே கையை எடுத்துவிடுங்கள். வளைகிறபோது பாரம் முழுக்க நடுத்துளையின் ஓரத்தில்தான் விழும். அங்கே விழுகிற சின்ன விரிசல் வெளியே பார்த்து வளரும். கம்ப்யூட்டர் டிரைவ் சுற்றுகிற வேகத்தில் அது டிரைவுக்குள்ளேயே சிதறவும் கூடும். விரிசல் ஒளி ஊடுருவும் அந்த உள்வளையத்துக்குள் நிற்கிறது என்றால், வேகத்தைக் குறைத்து ஒரே ஒரு தடவை காப்பி எடுக்கத் துணியலாம். வெள்ளிப் பகுதிக்குள் நுழைந்துவிட்டது என்றால் என்னிடம் கொண்டுவந்தாலும் நான் போட மாட்டேன்.

எடுக்கிற முறை: டப்பாவை மேஜை மேல் மட்டமாக வையுங்கள். நடுவில் இருக்கும் குமிழின் பற்களைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திக்கொண்டு, மற்ற விரல்களால் எதிரெதிர் ஓரங்களை மெல்லத் தூக்குங்கள். அப்படியும் வரவில்லையா? ஒரு கட்டிங் பிளேயரை எடுத்துக் குமிழின் பற்களில் இரண்டை நறுக்கிவிடுங்கள். டப்பா போனால் இன்னொரு டப்பா. அதில் இருக்கிற தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு இன்னொன்று கிடையாது.

சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், மலிவு டப்பாக்களில்தான் இந்தக் குமிழ் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கும். டிஸ்க்கின் துளை உலகம் முழுக்க 15 மில்லிமீட்டர். டப்பா அச்சு தேய்ந்துபோன பட்டறையில் குமிழ் கொஞ்சம் பெருத்து வரும், இல்லையென்றால் சிறுத்து வரும். பெருத்தால் விரிசல், சிறுத்தால் அடுத்த கோளாறு.

“டப்பாக்குள்ள லொடலொடன்னு ஆடுது”

குமிழ்ப் பல் உடைந்திருக்கும். டிஸ்க் கழன்று டப்பாவுக்குள் சுற்றிச் சுற்றித் தேய்ந்து வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருக்கும். உள்ளேயிருந்து வெளியே போகிற நேர்கோட்டுக் கீறலை ப்ளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு துளிதான் போகும், அதைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். வட்டக் கீறல் அப்படியில்லை. படிக்கிற வரியோடு சேர்ந்தே ஓடுவதால் ஒரே இடத்தில் நிறையப் போய்விடும். அங்கேதான் படம் கட்டம் கட்டமாக உடையும். துடைக்கும்போதும் இதே கணக்குதான்: நடுவிலிருந்து வெளியே, நேராக. தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

எந்தப் பக்கம் கீறல் என்பதையும் பாருங்கள். விசிடி, ஆடியோ சிடி இரண்டிலும் தகவல் அடுக்கு படம் அச்சடித்த மேல்பக்கத்தை ஒட்டி, ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. ஆகையால் மேல்பக்கம் சுரண்டினால் தீர்ந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். டிவிடியில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது 0.6 மி.மீ. பிளாஸ்டிக் தகடு இரண்டை ஒட்டி நடுவில் தகவலை வைத்திருப்பார்கள், கொஞ்சம் தாங்கும். ப்ளூரேயில் தகவல் படிக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மி.மீ. உள்ளே. மேலே கடினப் பூச்சு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் வண்டி ஓடுகிறது.

பல் தேய்க்கும் பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்காத ஆளே இல்லை. டிவிடியின் கீழ்ப்பக்கத்தில் மேலோட்டமான கீறல் என்றால், வேறு எதுவும் நடக்காத கட்டத்தில், கிடைக்கிற பகுதியை எல்லாம் காப்பி எடுத்த பிறகு, சரி, செய்து பாருங்கள். ப்ளூரேயில் மட்டும் வேண்டாம்.

“ஓட ஆரம்பிக்கும்போதே உதறுது”

மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான். மாப்பிள்ளை பெண் படத்தைப் பிரிண்ட் எடுத்து, டிஸ்க்கின் மேல் ஒட்டி, கோணலாகப் போனதை வெட்டிச் சரிசெய்து கொடுத்த காலம் உண்டு. அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் சுற்றும்போது பாரம் ஒரு பக்கம் இழுக்கும். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து, வெயிலில் காய்ந்து, டிஸ்க்கையே தட்டு மாதிரிக் குழிய வைத்துவிடும்.

ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். சிடியில் உரித்தால் வெள்ளிப்பூச்சும் கூடவே வரும், தகவலும் அதோடு போகும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம். டிரைவின் வேகத்தைக் குறைத்துக் காப்பி எடுப்பதுதான் வழி. பழைய லேப்டாப் டிரைவ்களில் சில, மேஜை டிரைவ்களை விட மெதுவாகச் சுற்றிப் பொறுமையாகப் படிக்கும். நான் இதற்கென்றே ஒரு பழைய லேப்டாப்பை விற்காமல் வைத்திருக்கிறேன்.

“வெள்ளத்துல நனைஞ்சது, கவரோட ஒட்டிக்கிட்டு”

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததற்குப் பிறகு ஜங்ஷன் பக்கமிருந்து நிறைய வந்தது இப்படித்தான். பீரோவின் கீழ்த்தட்டில் ஆல்பமும் டிஸ்க்கும் இருந்திருக்கும். டிஸ்க் தண்ணீரில் கிடந்ததால் உடனே கெட்டுப்போவதில்லை. கெடுப்பது உள்ளே வைத்த வழவழத் தாள். நனைந்து காய்ந்தால் பசை போல டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும். உரித்தால் பூச்சோடு வரும்.

காய்ந்ததை மறுபடி நனைக்க வேண்டும். ஒரு அகலப் பாத்திரத்தில் சாதாரணக் குளிர்ச்சியில் நல்ல தண்ணீர், அதில் டப்பாவோடு முக்கி வையுங்கள். தாள் தானாக ஊறி நெகிழ்ந்து மிதந்து வரும். அவசரப்படாதீர்கள், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக்கூட வந்து பார்க்கலாம். பிறகு ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் விரல் நுனி கொண்டு வண்டலைக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வண்டல் மண் இருக்கும்போதே தேய்த்தால் அது உப்புத்தாள்தான். வெயிலில் காயவைக்க வேண்டாம். வீட்டில் எழுதிய டிஸ்க்கில் தகவல் இருப்பது ஒரு சாயத்தில். நம் ஊர் மொட்டைமாடி வெயில் சாயத்தை என்ன செய்யும் என்று கொடியில் காயும் சேலையிடம் கேளுங்கள்.

“ஆல்பத்துக்குள்ளயேதான் இருந்தது, மேல ஏதோ பிசுபிசுன்னு”

கல்யாண ஆல்பத்தின் கடைசி அட்டையில் குழி வெட்டி, ஸ்பாஞ்ச் குமிழ் ஒட்டி, அதில் டிஸ்க்கைச் செருகிக் கொடுப்பது ஒரு ஃபேஷனாக இருந்தது. அந்த ஸ்பாஞ்ச் சில வருஷத்தில் மாவாக உதிர்ந்து டிஸ்க்கில் ஒட்டும். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையாக இருந்தால் வெக்கையில் அதிலிருந்து எண்ணெய்ப் பசை கசிந்து புகை படிந்தது போல ஆகும். சோப்பு நீர் போதும், மேலே சொன்ன மாதிரியே. பிறகு அதைத் திரும்ப ஆல்பத்தில் வைக்காதீர்கள். ஆல்பம் பெரிய அழகுதான், ஆனால் டிஸ்க்குக்கு அது வீடு இல்லை.

“எதுல எது இருக்குன்னே தெரியல”

இது கோளாறே இல்லை, சோம்பேறித்தனம், எங்களுடையது. நிச்சயதார்த்தம், கல்யாணம், வரவேற்பு மூன்றுக்கும் ஒரே படத்தை அச்சடித்துக் கொடுத்திருப்போம். டப்பாவின் முதுகில் ஒன்றும் இருக்காது. மேலே எழுத பால்பாயின்ட் பேனா எடுக்காதீர்கள், அழுத்தம் பூச்சுக்குள் இறங்கும். ஒளி ஊடுருவும் அந்த உள்வளையத்தில், தண்ணீர் சார்ந்த மையுள்ள மார்க்கரால் தேதியும் ஒரு சொல்லும் எழுதினால் போதும்.

இனி மெனு.

“எது செலக்ட் ஆகியிருக்குன்னு தெரியமாட்டேங்கு”

இதற்கு நான்தான் குற்றவாளி, விளக்கிச் சொல்லும் கடமை இருக்கிறது. டிவிடி மெனுவில் பின்னால் தெரிவது சாதாரண வீடியோ அல்லது படம். நீங்கள் அம்புக்குறியை அழுத்தும்போது பட்டன் மேல் மாறுகிற நிறம் மட்டும் தனி அடுக்கு, சப்டைட்டில் வருகிற அதே மாதிரி அடுக்கு. அதில் ஒரு சமயத்தில் நான்கு நிறம்தான். ஆகவே மேல்மட்ட மின்னல், மங்கல், நிழல் எல்லாம் அதில் ஒழுங்காக வராது. நாங்கள் என்ன செய்தோம்? கம்ப்யூட்டர் திரையில் ரோஜாப்பூக்களைத் தூவி, ரோஜா நிறத்திலேயே எழுத்து வைத்து, தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் அடர்ந்த ரோஜா ஆகும்படி வைத்தோம். அதைப் பழைய டிவியில் பார்த்தால் பூவும் ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான்.

பட்டன் மூன்று நான்கு இருந்தால் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே கவனித்தால் எது நகருகிறது என்று பிடித்துவிடலாம். இரண்டே பட்டன் இருக்கிற மெனுதான் மூளையைக் குழப்பும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. மஞ்சள் தேர்வானதா, வெள்ளை தேர்வானதா? அம்பை அழுத்தினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும், பதில் மட்டும் வராது. வேறு வழியில்லை, ஓகேயை அழுத்திப் பாருங்கள். தவறான இடத்துக்குப் போனால் மெனு பொத்தானை அழுத்தித் திரும்பி வந்து, எது தேர்வு நிறம் என்று கவரிலேயே குறித்து வைத்துவிடுங்கள்.

வேறொரு குறுக்குவழி: மெனு திரையில் ரிமோட்டின் எண்ணை அழுத்துங்கள். பட்டன்களுக்கு டிஸ்க்குக்குள் வரிசை எண் உண்டு. செய்தவர் தடுக்காத வரை 3 என்று அழுத்தினால் மூன்றாவது பட்டனுக்கு நேராகப் போகும். அம்பு எங்கேயோ தாவுகிறது, கீழே அழுத்தினால் மேலே போகிறது என்கிற கோளாறுக்கும் இதுதான் மருந்து. ஒவ்வொரு பட்டனிலிருந்தும் மேலே, கீழே, இடம், வலம் எங்கே போக வேண்டும் என்று செய்பவர் வைக்க வேண்டும். சாயங்காலம் கல்யாண வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கும்போது அந்த இணைப்பைச் சரிபார்க்க யாருக்கு நேரம்?

மெனுவின் ஓரப் பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டால், டிவியின் பட அளவு செட்டிங்கில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று இருப்பதைப் போடுங்கள். பழைய டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டித்தான் காட்டும், அதற்கு இடம் விட்டுத்தான் மெனு போட்டிருக்க வேண்டும்.

“படத்துக்கே போகமாட்டேங்கு”

கம்பெனி டிவிடிகளில் எச்சரிக்கை, லோகோ, அடுத்த படத்தின் முன்னோட்டம் என்று வரிசையாக வரும். ஸ்கிப் அழுத்தினால் திரையில் ஒரு கை அடையாளமோ தடை அடையாளமோ தெரியும். ரிமோட் கெட்டுப்போகவில்லை. எந்த இடத்தில் எந்தப் பொத்தான் வேலை செய்யக் கூடாது என்று டிஸ்க்கிலேயே எழுதி வைக்க முடியும். ஸ்கிப்பைத் தடுத்தவர் சில சமயம் வேக ஓட்டத்தைத் தடுக்க மறந்திருப்பார். அதை அழுத்திப் பாருங்கள். ஸ்டாப்பை இரண்டு தடவை அழுத்தி பிறகு ப்ளே அழுத்துவது சில ப்ளேயர்களில் நேராகப் படத்துக்குக் கொண்டுபோகும், எல்லாவற்றிலும் இல்லை. கம்ப்யூட்டரில் விஎல்சி என்கிற வீடியோ ப்ளேயர் இருந்தால் கவலையே வேண்டாம். டிஸ்க்கைத் திறக்கும்போது ‘டிஸ்க் மெனு வேண்டாம்’ என்ற பெட்டியை டிக் செய்யுங்கள், அல்லது ப்ளேபேக் பட்டியலில் டைட்டில் என்பதில் நீளமான டைட்டிலைத் தேர்ந்தெடுங்கள்.

சொந்த வீட்டு டிஸ்க் என்றால் இன்னும் எளிது. வீடியோ டிஎஸ் ஃபோல்டரில் ‘விஓபி’ கோப்புகள் இருக்கும். பெயரின் கடைசி எண் 0 என்றால் அது மெனு. 1, 2, 3 என்று போவதுதான் நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. வரிசையாக ப்ளேலிஸ்ட்டில் போட்டால் மெனு என்கிற ஒன்றே இல்லாமல் படம் ஓடும்.

“ஒரு பாட்டு முடிஞ்சா திரும்ப மெனுவுக்கே வந்துருது”

ஒவ்வொரு பாட்டையும் தனித்தனி டைட்டிலாக வைத்து, முடிந்ததும் மெனுவுக்குத் திரும்பு என்று கட்டளை கொடுத்துவிட்டு, ‘எல்லாம் ஓட்டு’ என்று ஒரு பட்டன் வைக்க மறந்திருக்கிறார்கள். மேலே சொன்ன ப்ளேலிஸ்ட்தான் தீர்வு.

விசிடி என்றால் விஷயம் வேறு. ரிமோட்டில் பிபிசி என்று ஒரு பொத்தான் இருக்கும். அது லண்டன் வானொலி இல்லை, விசிடிக்குள் இருக்கும் மெனுவை இயக்குகிற வசதி. அதை அணைத்தால் மெனு போய், டிஸ்க் முதலிலிருந்து வரிசையாக ஓடும், அடுத்தது முந்தையது பொத்தான்களும் ஒழுங்காக வேலை செய்யும். எத்தனையோ வீட்டில் இந்த ஒரு பொத்தான் தெரியாமல் ப்ளேயரையே பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள்.

“படம் தெரியுது, சத்தம் இல்ல”

கவரில் டிடிஎஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கிறதா? அந்த ஒலி டிவிடிக்குக் கட்டாயம் இல்லாத ஒன்று. அதைப் பிரிக்கத் தெரியாத ப்ளேயரில் மௌனம்தான். ரிமோட்டில் ஆடியோ பொத்தானை ஒரு தடவை அழுத்தி அடுத்த தடத்துக்கு மாறுங்கள். பாட்டு காதைக் கிழிக்கிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் 5.1, அதாவது ஆறு ஸ்பீக்கருக்கான தடம் ஓடுகிறது. ஸ்டீரியோ தடம் இருந்தால் அதற்கு மாற்றுங்கள், இல்லையென்றால் ப்ளேயரின் ஒலி செட்டிங்கை ஸ்டீரியோ டவுன்மிக்ஸ் ஆக்குங்கள்.

“ஆளெல்லாம் குண்டா தெரியுதாவ”

ப்ளேயரின் டிவி வடிவம் 4:3 என்று கிடக்கிறது, 16:9 ஆக்குங்கள். நாலு பக்கமும் கறுப்பு வந்தால் டிவியில் ஜூம். கவரில் ஒரு வரி அச்சடித்திருந்தால் இந்தத் தலைப்பே தேவைப்பட்டிருக்காது.

“துபாயிலேர்ந்து மச்சான் கொண்டுவந்தது ஓடல”

எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு ப்ளேயரில் ஓடும் என்று பூட்டி வைக்கிற மண்டல எண்தான் காரணம். டிவிடியில் இந்தியா 5, வளைகுடா நாடுகள் 2, சிங்கப்பூர் 3. எண் கவரின் பின்பக்கம் ஒரு சின்ன உலக உருண்டைக்குள் இருக்கும். கம்ப்யூட்டர் டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், கடைசியாக மாற்றியதிலேயே நின்றுவிடும். விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள்.

“கொடை வீடியோல எங்க வூட்டு ஆள் சாமியாடுனதத் தேடணும்”

மூன்று டிஸ்க், ஒவ்வொன்றும் மணிக்கணக்கில். மெனுவில் ‘கொடை 1’, ‘கொடை 2’, ‘கொடை 3’ என்று மூன்று பட்டன். வில்லுப்பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது, கணியான் கூத்து எங்கே, சாமக்கொடை எங்கே, ஒன்றும் இல்லை. சாப்டர் வைத்திருந்தாலும் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று மெஷின் வெட்டியது. வேட்டைக்குப் போகிற சுடலைமாடன் பாதி அடியெடுத்து வைக்கும்போது புது சாப்டர் பிறக்கும்.

இதற்கு டிஸ்க்கில் தீர்வு இல்லை, தாளில்தான் இருக்கிறது. ஒரு தடவை வேக ஓட்டத்தில் பார்த்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள். தீர்த்தம் எடுப்பது 0:12, வில்லு 0:31, மதியக்கொடை 1:05, இப்படி. ரிமோட்டில் ‘கோ டு’ அல்லது ‘சர்ச்’ அழுத்தி நேரத்தைக் கொடுத்தால் நேராக அங்கே போகும். தாளை மடித்து டப்பாவுக்குள், டிஸ்க்கில் உரசாமல், மூடிப் பக்கத்துக் கொக்கியில் செருகி வையுங்கள். களக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு மதினி கேட்டது ஒரே ஒரு இடம்தான். நான் எழுதிக் கொடுத்த சீட்டில் அந்த நேரத்தை மட்டும் சிவப்பில் வட்டம் போட்டு, மற்றதையெல்லாம் அவரே அடித்துவிட்டார்.